எத்தனை இன்ச் கொலுசு? ஒரு மாயக்கதை எழுத்தாளரின் இரண்டு நோட்டுகள்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு ஆளை. சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, ஏற்காட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், எழுதுவது ஃபேண்டஸி, அதுவும் சிறுகதை மட்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இதில் அவர் வெறும் டீச்சர்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாசிப்பு வட்டத்தில் இருக்கிறோம். கதைகளை எங்கே அனுப்பினார், என்ன பதில் வந்தது என்று எழுதி வைத்த ஒரு நோட்டும் (கணக்கு டீச்சர் இல்லையா, படு சுத்தமாக இருக்கிறது), படித்ததைக் குறித்து வைத்த இன்னொரு நோட்டும் அவரிடம் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். பார்த்ததில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கதைகள் ஏற்கப்படத் தொடங்கியதற்கு நடை மெருகேறியது காரணமாகத் தெரியவில்லை, பழைய கதைகளின் நடையும் நன்றாகத்தான் இருக்கிறது. எதை வாசகருக்கு விளக்க வேண்டும், எதைச் சொல்லாமல் விடலாம் என்பது பிடிபட்ட பிறகுதான் கணக்கு மாறுகிறது, அதைக் கற்றுக்கொடுத்தது அந்த இரண்டாவது நோட்டு.

அவருடைய வாசிப்பைத் தீர்மானித்தது முதலில் ரோடுதான். அஸ்தம்பட்டியில் பஸ் ஏறினால் கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் வரை சமதளம், ஒரு இருபது நிமிஷம் படிக்கலாம். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவு, புத்தகத்தைப் பார்த்தாலே குமட்டும். நாவல் படித்தால் அத்தியாயத்தின் நடுவில் அறுந்துபோகும், ஆனால் ஒரு சிறுகதை சரியாக முடிந்துவிடும். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, பஸ் ஐயாயிரம் அடி உயரத்துக்கு ஏறுகிற வரைக்கும் அதே கதையைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பது பல வருஷப் பழக்கம். நீங்கள் ஏன் சிறுகதை மட்டும் எழுதுகிறீர்கள் என்று கேட்டால் இந்தப் பதிலைத்தான் சொல்கிறார், இலக்கியக் காரணம் எதுவும் சொல்வதில்லை.

சின்ன வயசில் படித்தது அப்பா கட்டி வைத்திருந்த அம்புலிமாமா. 1947இல் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை, விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற அந்தப் படம் நம்மில் பாதிப் பேருக்குக் கனவில்கூட வரும். அப்புறம் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ். கல்லூரிக்குப் போனதும் ஆங்கிலத்தில் தலையணை தலையணையாக ஃபேண்டஸித் தொடர்கள், முதல் பக்கத்தில் வரைபடம், கடைசியில் வம்சாவளி. கேடு அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் கருத்து, அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

முதல் கட்டத்தில் எழுதிய கதைகள் எல்லாம் ஒரே கற்பனை உலகத்தின் துண்டுகள். மூன்று பாகத்தில் ஒரு நாவல் எழுதுவதாகத் திட்டம், அதற்கு ஆறுகள், குலங்கள், நாட்காட்டி எல்லாம் தயார், நாவல் மட்டும் இல்லை. அதிலிருந்து ஒரு கிளையைப் பிடித்துச் சிறுகதையாக எழுதுவார், எழுதியதை வார இதழுக்கோ சிற்றிதழுக்கோ அனுப்புவார். நோட்டில் அந்தப் பக்கங்களைப் பார்த்தால் அனுப்பிய தேதி இருக்கிறது, பதில் என்ற கட்டம் வரிசையாகக் காலி. தமிழில் மறுப்பு என்பது பெரும்பாலும் மௌனம்தான். ஒரு காலத்தில் போதிய தபால் தலை ஒட்டிய உறை வைத்து அனுப்பினால் கதையாவது திரும்பி வரும், இப்போது மின்னஞ்சலில் போனது போனதுதான். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதும் தெரியும், இருந்தாலும் "வேண்டாம்" என்று ஒரு வரி அனுப்புவதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்தக் கதைகளை இப்போது படித்தால் காரணம் தெளிவாகவே தெரிகிறது. மூவாயிரம் வார்த்தைக் கதையில் முதல் ஆயிரம், அந்த ஊரில் இரண்டு நிலா ஏன் என்று சொல்வதில் போய்விடுகிறது. எழுநூறு பக்கத் தொடரில் அதற்கு இடம் உண்டு. சிறுகதையில் கிடையாது.

அப்புறம் கொலுசுக் கதை. இந்த ஆய்வின் முக்கால்வாசி இந்த ஒரு கதைதான்.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைய உண்டு என்பது சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீச்சரின் சித்தப்பா வீட்டில் அந்தத் தொழில்தான், கம்பி இழுப்பதும் பற்றவைப்பதும் மெருகு போடுவதும் அவர் பார்த்து வளர்ந்தவை. கதை இப்படித் தொடங்கும்: மழை நேரத்தில், பட்டறை சாத்துகிற நேரத்துக்கு ஒரு பெண் வந்து ஒரு ஜோடி கொலுசு வேண்டும் என்கிறாள். முத்து நிறைய வைக்கச் சொல்கிறாள், சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்க வேண்டுமாம். பட்டறைக்காரர் பழக்கத்தில் கேட்கிறார், "எத்தனை இன்ச்சும்மா?" அவள் பதில் சொல்லவில்லை. பத்தா, பத்தரையா என்று மறுபடி கேட்கிறார். அதற்கும் பதில் இல்லை.

அவ்வளவுதான். தமிழில் இதைப் படிக்கிற யாருக்கும் அந்த இடத்திலேயே விஷயம் புரிந்துவிடும், ஏனென்றால் பேய்க்குக் கால் கிடையாது என்பது நமக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தராமலே தெரியும். பட்டறைக்காரருக்கும் புரிந்துவிடுகிறது, ஆனால் அவர் ஓடவில்லை, கூலி என்ன என்று பேச ஆரம்பிக்கிறார். மீதிக் கதை அளவில்லாத ஒரு காலுக்கு எப்படிக் கொலுசு செய்வது என்ற தொழில் பிரச்சினையைப் பற்றியது. தமிழில் ரொம்பச் சின்னக் கதை. ஒரு சிற்றிதழ் போட்டது, ஆசிரியர் பிரதி வந்தது, இரண்டு பேர் போன் செய்தார்கள். பணம் கிடையாது, எதிர்பார்க்கவும் இல்லை.

அதை ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பலாம் என்று வட்டத்தில் யாரோ ஏற்றிவிட்டோம். அந்த உலகம் வேறு மாதிரி. வார்த்தைக்கு இவ்வளவு சென்ட் என்று கணக்கு. அமெரிக்க அறிவியல்புனை, ஃபேண்டஸி எழுத்தாளர் சங்கம் 2019இலிருந்து தொழில்முறைக் கூலி என்று வைத்திருப்பது வார்த்தைக்கு 8 சென்ட், அதாவது மூவாயிரம் வார்த்தைக் கதைக்கு 240 டாலர். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்று பல பத்திரிகைகளில் விதி, ஆகவே ஒரு இடத்தில் மாட்டினால் பதில் வரும்வரை அது அங்கேயே கிடக்கும். சில இடத்தில் சில நாளில் பதில், சில இடத்தில் மாதக்கணக்கு. எது எவ்வளவு நாள் எடுக்கும் என்று பார்க்க 2013இல் தொடங்கிய சப்மிஷன் கிரைண்டர் என்ற இலவசத் தளம் இருக்கிறது, எழுத்தாளர்களே தங்கள் தேதிகளைப் போட்டு நிரப்புவது. கணக்கு டீச்சருக்கு அது திருவிழா.

முதல் ஆங்கில வடிவத்தில் அவர் செய்தது, யாரும் செய்யக் கூடியதுதான். வெளிநாட்டு வாசகருக்குப் பேய்க்குக் கால் இல்லை என்பது தெரியாதே என்று பயந்து, பெண் பட்டறைக்குள் வருவதற்கு முன்பே பாட்டி சொன்னதாக ஒரு பத்தி வைத்தார். பாட்டி வந்தாள், நம்பிக்கையைச் சொன்னாள், போனாள். பிறகு "எத்தனை இன்ச்" என்று கேட்கும்போது அங்கே எதுவும் மிச்சமில்லை, வாசகர் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்விக்காகக் காத்திருக்கிறார். வந்தவை எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே மறுப்பு. அதில் ஒன்றே ஒன்றில் மட்டும் ஒரு ஆசிரியர் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தார், விளக்கம் கதைக்கு முன்னால் ஓடிவிடுகிறது என்ற பொருளில். இந்த மாதிரித் தனிப்பட்ட மறுப்பு அந்த உலகத்தில் பெரிய விஷயம், எழுத்தாளர்கள் அதை ஏற்பு வந்த மாதிரிக் கொண்டாடுகிறார்கள்.

இந்த இடத்தில் படிப்பு நோட்டைத் திறக்க வேண்டும். அந்த இரண்டு வரிக்குப் பிறகு அதில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது. அதற்கு அவர் போட்ட தலைப்பு, "முதல் மாயம் எந்தப் பத்தியில்? யார் ஆச்சரியப்படுகிறார்?" பெரிய தொடர்களை ஓரம் கட்டிவிட்டு, பஸ்ஸில் சிறுகதைகளாகப் படிக்கத் தொடங்கினார். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் 2000இலிருந்தும், கிளார்க்ஸ்வேர்ல்ட் 2006இலிருந்தும், பினீத் சீஸ்லெஸ் ஸ்கைஸ் 2008இலிருந்தும் வருகிற ஆங்கிலப் பத்திரிகைகள், கதைகளைக் காசில்லாமல் இணையத்தில் படிக்கலாம். ஒவ்வொரு கதைக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பினார். கூடவே பழையவற்றுக்கும் திரும்பிப் போனார். பதினோராம் நூற்றாண்டுக் கதாசரித்சாகரம், அதற்குள்ளேயே வருகிற வேதாளக் கதைகள், 1998இலிருந்து இலவச மின்பதிப்பு தருகிற மதுரைத் திட்டத்தில் சங்கப் பாட்டுகள், அப்புறம் புதுமைப்பித்தன்.

வேதாளத்துக்கு நேராக அவர் எழுதியிருப்பது: "யாரும் ஆச்சரியப்படவில்லை." யோசித்துப் பாருங்கள், பிணம் பேசுகிறது, ராஜா ஒரு தடவைகூட நீ எப்படிப் பேசுகிறாய் என்று கேட்பதே இல்லை, அது போடுகிற புதிருக்குப் பதில் மட்டும் சொல்கிறார். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'க்கு நேராக: "கதை சொல்கிறவர் பயப்படுகிறார், ஆனால் யாரும் விளக்கவில்லை, கடைசிவரை." கொல்லிமலையில் இருந்ததாகச் சங்கப் பாட்டு சொல்லும் பெண்ணுருவம், கொல்லிப்பாவை, அதற்கு நேராகக் கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறார். நற்றிணை 201இல் பரணர் காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அந்தப் பாவையின் உருவம் அழியாது என்கிறார், அதை யார் செய்தார்கள், என்ன மந்திரம் என்று ஒரு வார்த்தை இல்லை. கொல்லிமலை 1997வரை நம்ம சேலம் மாவட்டம்தான், இப்போது நாமக்கல். அங்கே இந்தப் பாவையை எத்தனை பேர் எப்படியெல்லாம் கதையாக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் அதை ஒரு பழங்கால எந்திரமாகவோ விண்வெளிச் சமாச்சாரமாகவோ விளக்கப் பார்க்கிறார்கள். டீச்சருக்கு இதில் கடுங்கோபம். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, ஆனால் பாட்டு அளவுக்கு அதில் எதுவும் என்னை அசைத்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆங்கிலப் பத்திரிகைக் கதைகளில் அவர் கண்டது வேறு. அங்கேயும் நல்ல கதைகள் முன்கூட்டி விளக்குவதில்லை, ஆனால் கதைக்குள் ஒரு ஆள், விஷயம் தெரியாத ஒரு ஆள், அடிக்கடி இருக்கிறார். அவருக்குத் தெரியவரும்போது வாசகருக்கும் தெரியவருகிறது. கொலுசுக் கதையின் இரண்டாவது ஆங்கில வடிவத்தில் பாட்டி போய்விட்டாள். அவளுக்குப் பதில் பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வெளியூர்ப் பையன் ஒருவன் வந்தான். இன்ச் கேட்டு அந்தப் பெண் பதில் சொல்லாததும் பையன், அளவு தெரியாதவள் போலிருக்கிறது, நாமே எடுத்துவிடலாம் என்று அளவு நூலை எடுத்துக்கொண்டு குனிகிறான். பட்டறைக்காரர், "வேண்டாம்டா, விடு" என்கிறார். அதற்குள் அவன் அந்தப் பெண்ணின் புடவை ஓரத்துக்கு நேராகக் குனிந்துவிடுகிறான். நூல் தரையைத் தொடுகிறது.

வெறும் நாலு வரி. தமிழ் மூலத்தில் இந்தப் பையன் தேவையே இல்லை, அங்கே இருந்தால் சவசவ என்று இருக்கும். கதை ஒன்றுதான், சட்டகம் இரண்டு. இந்த வடிவம் தொழில்முறைக் கூலி தருகிற ஒரு பத்திரிகையில் ஏற்கப்பட்டது. பேபால் வழியாகப் பணம் வந்தபோது பான் எண், எதற்கான பணம் என்று பர்ப்பஸ் கோடு எல்லாம் கேட்டு, நாணய மாற்றில் கொஞ்சம் போய் மீதி வங்கிக்கு வந்து சேர்ந்தது. அதில் அவர் வாங்கியது ஒரு ஜோடி கொலுசு என்று எழுதினால் அழகாக இருக்கும், உண்மையில் மிக்ஸி வாங்கினார்.

இதோடு முடித்துவிட்டால் கதை சுலபமாகிவிடும், அடுத்த கதை அப்படி நடக்கவில்லை.

அந்தச் செக்ரோல் கதை (செக்ரோல் என்பது எஸ்டேட் ஆட்களின் தினசரி வருகைப் பதிவேடு) ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட்டில் நடக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பி கொண்டு வந்தார், சில்வர் ஓக் நிழலும் அதில் ஏறுகிற மிளகுக் கொடியும் இன்றைக்கு மலை முழுக்க உண்டு. கதையில், இறந்துபோன ஒரு அம்மாவின் பெயருக்கு நேராகத் தினமும் செக்ரோலில் வருகை பதிவாகிறது. யார் எழுதுகிறார்கள் என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டருக்கே தெரியவில்லை. டீச்சருக்கு இது பிரமாதமான மாயம் என்று நினைப்பு. வட்டத்தில் படித்துக் காட்டினார். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "இதுல என்னங்கம்மா மாயம்? செத்தவங்க பேர்ல சம்பளம் எடுக்கறது எங்க காலத்துலேருந்தே நடக்குதுங்களே" என்றார். கூட்டமே சிரித்தது. டீச்சரும் சிரித்தார், ஆனால் அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை.

எனக்கு இந்த ஆய்வில் மிகப் பிடித்த இடம் இதுதான். கொலுசுக் கதையில் தமிழ் வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது உதவி செய்தது, இங்கே அதே தெரிந்திருப்பது கதையைக் கொன்றது. உள்ளூர் வாசகர் கையில் ஏற்கனவே ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது, அது ஊழல். அது தீராமல் மாயம் தலைகாட்ட முடியாது. ஆங்கிலத்தில் படித்த ஒரு நண்பருக்கோ இந்தச் சந்தேகமே வரவில்லை, நேராகப் பேய் என்றே எடுத்துக்கொண்டார்.

மாற்றி எழுதியதில் டீச்சர் ஒரே ஒரு விவரத்தைச் சேர்த்தார். சாயந்திரம் பறித்த காப்பிப் பழத்தை எடை போடும்போது அந்த அம்மாவின் பெயரில் கிலோவும் ஏறுகிறது, பழமும் இருக்கிறது. கள்ளக் கணக்கு என்றால் பெயர் இருக்கும், பழம் இருக்காது. மொத்த எடை குறையவில்லை, சொல்லப்போனால் அந்தப் பறிப்பு சீசனில் கூடியே இருக்கிறது. பெரியவருக்கு இரண்டாம் வடிவத்தை வாசித்தபோது அவர், "அப்ப பறிச்சது யாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும் கதை முடிந்தது என்று டீச்சர் முடிவு கட்டினார். தமிழில் ஒரு இணைய இதழ் போட்டது. ஆங்கிலத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, நோட்டில் மறுப்புகள் கணிசமாகச் சேர்ந்துவிட்டன, எனக்கும் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. செக்ரோல் என்பதே என்ன என்று தெரியாதவருக்கு அதில் ஒரு பெயர் கூடுதலாக இருப்பது பயம் தராது என்பது என் ஊகம், அதற்கு ஒரு வெளியூர்ப் பையனைக் கொண்டு வர டீச்சர் இஷ்டப்படவில்லை.

எழுதாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். மலை உச்சியில் குகைக்குள் சேர்வராயன் கோயில் இருக்கிறது, சேர்வராயனும் காவேரி அம்மனும், மே மாதம் திருவிழா. மலையாளி என்ற பெயருள்ள இந்த மலைப் பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை) தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் என்று சொல்லும் கதை, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலேயே பதிவாகியிருக்கிறது. ஃபேண்டஸி எழுதுகிற யாருக்கும் கை துறுதுறுக்கும். டீச்சர் தன்னோடு வேலை பார்க்கும் அந்தச் சமூகத்து ஆசிரியை ஒருவரிடம் கேட்டிருக்கிறார். "அது கதை இல்லைங்க மிஸ், சாமி" என்று பதில். சரி என்று விட்டுவிட்டார். அவர் அப்படி விட்டது சரிதானா என்று வட்டத்தில் ரொம்ப நேரம் வாதம் நடந்தது, நான் டீச்சர் பக்கம்.

இந்த வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு நோட்டிலிருந்து சில நடைமுறை விஷயங்கள். முகநூலில் ஆசைக்குப் போட்டுவிட்ட கதை பல ஆங்கிலப் பத்திரிகைகளின் கணக்கில் வெளியான கதை, முதல் வெளியீட்டு உரிமை போனதுதான். டீச்சரின் நல்ல கதை ஒன்று இப்படி வீணாகியிருக்கிறது. தமிழில் வந்ததை ஆங்கிலத்தில் அனுப்பும்போது அதைக் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும், சில இடம் ஏற்கும், சில இடம் ஏற்காது. 2023 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் குவிந்து கிளார்க்ஸ்வேர்ல்ட் கொஞ்ச காலம் கதை வாங்குவதையே நிறுத்தியது. அதன் விதிப்படி அந்தக் கருவிகள் எழுதியது மட்டுமில்லை, மொழிபெயர்த்ததும் கூடாது. நம்மைப் போன்றவர்களுக்கு இது முக்கியம், தமிழில் எழுதிக் கருவியில் போட்டு எடுத்து லேசாகத் திருத்தி அனுப்பலாம் என்ற யோசனையை மறந்துவிட வேண்டும். போட்டி என்றால் ரைட்டர்ஸ் ஆஃப் த ஃபியூச்சர், நுழைவுக் கட்டணம் இல்லை, மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று, எழுதியவர் பெயர் தெரியாமல் படிக்கிறார்கள், உலகத்தில் எங்கிருந்தும் அனுப்பலாம். காசு கேட்கிற போட்டி எதற்கும் டீச்சர் அனுப்புவதில்லை, நோட்டின் பின் அட்டையில் அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.

தொகுப்பு ஒன்று இப்போது பேச்சில் இருக்கிறது. சின்னப் பதிப்பகம், முதலில் முந்நூறு பிரதி, அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் பார்க்கலாம் என்கிற வழக்கமான ஏற்பாடு. ஒப்பந்தத்தில் சிக்கல் எதுவும் இல்லை, ஆங்கில உரிமையை டீச்சர் தன்னிடமே வைத்துக்கொண்டார், பதிப்பாளரும் மறுக்கவில்லை. இழுபறி முன்னுரையில். எந்தக் கதை எந்த நம்பிக்கையிலிருந்து வந்தது, எந்த ஊர், எந்தத் தொழில் என்று பத்துப் பக்கம் எழுதிக் கொடுங்கள், ஆய்வு மாணவர்கள் வாங்குவார்கள் என்கிறார் பதிப்பாளர். ஒரு வரிகூடத் தரமாட்டேன் என்கிறார் டீச்சர். செக்ரோல் எப்படி எழுதப்படும், கொலுசுக்கு முத்து எப்படிக் கோப்பார்கள் என்பதைச் சொல்வதால் எந்த மாயமும் கெட்டுப்போகாது, சென்னையில் இருக்கிற தமிழ் வாசகருக்கே அது தேவைப்படும் என்பது என் கட்சி. அதையாவது புத்தகத்தின் பின்னால் போடலாம் என்று நான் சொன்னதற்கு, யோசிக்கிறேன் என்றிருக்கிறார். பதிப்பாளர் அடுத்த புத்தகத் திருவிழாவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்.